மனசு வரட்டும் என்று காத்திருந்தால்

படிப்பில் பிடிப்பு விட்டுப்போன பிள்ளையைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு, ஆலோசகர் அறையில் ஒரு பேச்சு. வீட்டில் "சோம்பேறித்தனம்" என்பார்கள். வகுப்பாசிரியர் "நல்லாப் படிச்ச பிள்ளைதான், இப்போ கவனமே இல்லை" என்பார். ஆலோசகர் "மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருக்கின்றன" என்று எழுதித் தருவார். சிகிச்சை வாரத்தில் 50 நிமிடம் ஓர் அறையில் நடக்கிறது. பாடமோ நாள் முழுக்க வேறோர் இடத்தில் நடக்கிறது. அறையில் கற்றதற்கு வகுப்பில் பயிற்சி கிடைப்பதில்லை. வகுப்பில் பட்ட அடி அறைக்கு வந்துசேர ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் பிள்ளை அதை "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று ஒற்றை வரியாகச் சுருக்கி வைத்திருக்கும்.

சிகிச்சை, பாடம் இரண்டையும் ஒரே திட்டமாகக் கட்டலாம். அதற்கு வேண்டிய பகுதிகள் பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்க்கப்பட்டு, கையிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் கோட்டை விடுவது அளவிலும் வரிசையிலும்தான்.

முதலில், எதைப் பார்க்கிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மனநோய்களைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, 9 அறிகுறிகளில் குறைந்தது 5, தொடர்ந்து 2 வாரம் இருந்தால் பெரும் மனச்சோர்வு. அந்த ஐந்தில் ஒன்றாவது சோகமான மனநிலையாகவோ, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமையாகவோ இருக்க வேண்டும். சிறுவர்களிடமும் இளம் பருவத்தினரிடமும் சோகத்துக்குப் பதிலாக எரிச்சல் இருந்தாலும் கணக்கில் சேரும். இந்தக் கடைசி வரி தெரியாமல் எத்தனையோ பேர் "திமிர்" பட்டியலில் போய்ச் சேர்கிறார்கள். தொட்டதற்கெல்லாம் சீறுகிற பிள்ளை அழவே இல்லை என்பதால் மனச்சோர்வு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சோர்வும் சுரத்தின்மையும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. மனச்சோர்வில் வலி இருக்கும்: குற்ற உணர்வு, தன்மீதே வெறுப்பு, நாளை பற்றிய இருட்டு. வெறும் சுரத்தின்மையில் அந்த வலிகூடத் தெரியாது. எதைச் சொன்னாலும் "பரவாயில்லை", "எதுவானா என்ன". இரண்டாவது வகையைப் பார்த்தால் மனநலக் கேள்விகளோடு உடம்பையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். தைராய்டு குறைவு, இரத்தசோகை, தூக்கக் குறை, கஞ்சா, தலையில் பட்ட அடி என்று எது வேண்டுமானாலும் அடியில் இருக்கலாம். மனச்சிதைவின் தொடக்கமும் இப்படித்தான் ஓசையில்லாமல் வரும். கண்டுபிடிக்கப்படாத வாசிப்புக் குறைபாடும் கவனக்குறைபாடும் வருடக்கணக்கில் தோற்க வைத்து, கடைசியில் "ஆர்வமில்லாத பிள்ளை"யை உருவாக்கிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மனசைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது வீண். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு முதல் சிகிச்சை வாசிப்புப் பயிற்சிதான்.

மனச்சோர்வை அளவெடுக்க பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விப் படிவம் இருக்கிறது. இளம் பருவத்தினருக்கென்று சொற்களை மாற்றிய பதிப்பும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஐந்திலிருந்து லேசானது, 10 நடுத்தரம், 15 நடுத்தரத்துக்கும் மேல், 20 கடுமை. இது நோயைக் கண்டறிந்து சொல்லும் கருவி இல்லை. வடிகட்டும் கருவி, மாற்றத்தைப் பார்க்கும் கருவி. ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. படிவத்தைக் கொடுத்து வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, ஒன்பதாவதில் 1 போட்டிருப்பதை மூன்று நாள் கழித்துப் பார்ப்பது மன்னிக்க முடியாத பிழை. அன்றைக்கே, மாணவர் கிளம்புவதற்கு முன்பே ஒருவர் அதைப் படித்துப் பார்க்க ஏற்பாடு இல்லையென்றால், படிவத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 1967-ல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தப்பவே முடியாத மின்னதிர்ச்சி பெற்ற நாய்களில் பெரும்பாலானவை, பிறகு எளிதாகத் தாண்டித் தப்பக்கூடிய இடத்தில் விட்டபோதும் அசையாமல் படுத்துவிட்டன. நாம் என்ன செய்தாலும் பலன் இல்லை என்று அவை கற்றுக்கொண்டன என்பது அன்றைய விளக்கம். கற்ற இயலாமை என்ற இந்தக் கருத்து அரை நூற்றாண்டு பாடப்புத்தகங்களில் ஓடியது. 2016-ல் அதே இருவரும் மூளை ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் விளக்கத்தையே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்துக்கு உயிரின் இயல்பான பதிலே செயலற்றுப் போவதுதான்; அதைக் கற்க வேண்டியதில்லை. மூளைத்தண்டின் ஒரு பகுதி தானாகவே அதைக் கிளப்பிவிடுகிறது. கற்றுக்கொள்ள வேண்டியது "என் செயலால் மாற்றம் வருகிறது" என்பதை. அதைக் கண்டுகொள்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி. அது கண்டுகொண்டால் அந்தத் தானியங்கி முடக்கத்தை அடக்குகிறது.

கல்வியும் உளவியலும் சந்திக்கும் இடம் இதுதான். செயலற்றுப்போவது இயல்பு, கட்டுப்பாடு கற்பது என்றால், சிகிச்சையின் பெரும்பகுதி பாடம் நடத்துவதே. "உனக்குள்ள ஒரு சிங்கம் தூங்குது" என்று மேடையில் முழங்குவதால் அந்த மூளைப் பகுதி எதையும் கற்காது. கை வைத்தேன், ஒன்று நகர்ந்தது என்ற அனுபவம் திரும்பத் திரும்ப வேண்டும். ஊக்கப் பேச்சாளரைக் கூட்டி வந்து அரை நாள் கைதட்டல் வாங்கிப் போகச் செய்யும் நிகழ்ச்சிகள் மீது எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. சோர்ந்திருக்கும் பிள்ளை அந்த அரங்கில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது, "எல்லாருக்கும் எழுச்சி வருது, எனக்கு மட்டும் வரலை" என்பதைத்தான்.

சிகிச்சையைப் பாடமாகவே நடத்திக் காட்டியவர் உளவியலாளர் பீட்டர் லூயின்சன். மனச்சோர்வுக்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது: வாழ்க்கையிலிருந்து கிடைக்கும் நல்ல பலன் குறைகிறது, அதனால் செயல் குறைகிறது, செயல் குறைந்ததால் பலன் இன்னும் குறைகிறது. இந்தச் சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து உடைக்கலாம் என்றார். 1996-ல் நீல் ஜேக்கப்சனின் குழு பெரியவர்களிடம் சோதித்தபோது, எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சை பெற்றவர்களும், செயலைக் கூட்டும் பகுதியை மட்டும் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினார்கள். லூயின்சன் குழுவினர் இளம் பருவத்தினருக்காக 1990-ல் வகுத்தது 8 வாரங்களில் 16 அமர்வுகள். அமர்வுக்கு 2 மணி நேரம். ஒரு குழுவில் அதிகபட்சம் 10 பேர். கையில் பயிற்சி நூல், முன்னால் வகுப்பை நடத்துபவர், முடிவில் வீட்டுப்பாடம். மனநிலையைக் குறித்து வைத்தல், இனிய செயல்களைக் கூட்டுதல், உடலைத் தளர்த்துதல், எதிர்மறை எண்ணத்தைச் சோதித்தல், பேச்சுத் திறன், பேசித் தீர்த்தல் எல்லாம் இதில் பாடங்கள். பெற்றோருக்கு இணையாக ஒரு தனி வகுப்பும் வகுத்தார்கள்.

வகுப்பு என்ற வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. "நோயாளி" என்ற பட்டம் வேண்டாம் என்று ஓடுகிற பதினைந்து வயதுக்காரர், பயிற்சி வகுப்பில் உட்காரச் சங்கடப்பட மாட்டார். வீட்டுப்பாடம் செய்யாமல் வருவதும் அங்கே இயல்பு. அதற்காக யாரும் "குணமாக விருப்பமில்லை" என்று தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனால் வகுப்பு வடிவத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. நடத்துபவர் விரிவுரைக்கு இறங்கிவிடுவார். 2 மணி நேரத்தில் 40 நிமிடத்துக்கு மேல் நடத்துபவரே பேசினால் அந்த அமர்வு வீண் என்றே எடுத்துக்கொள்வேன். மீதி நேரம் முழுக்கச் செய்து பார்ப்பது, நடித்துப் பார்ப்பது, சென்ற வாரத் தாளைத் திறந்து பார்ப்பது.

செயலையும் மனநிலையையும் பிள்ளை குறித்துவரும் அந்தத் தாளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். முதல் வாரத்தில் எதையும் மாற்றச் சொல்லக் கூடாது. குறிக்க மட்டும் சொல்ல வேண்டும். ஒரு நாளை மணிக்கு மணி பிரித்தால் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவார்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம் போதும். ஒவ்வொன்றிலும் என்ன செய்தேன் என்று நான்கே சொல், மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். இரண்டாம் வாரத்தில் மூன்று பத்திகள் சேர்கின்றன: செய்வதற்கு முன் "எவ்வளவு பிடிக்கும்" என்ற ஊகம், செய்தபின் "எவ்வளவு பிடித்தது", கூடவே "எவ்வளவு சாதித்த உணர்வு".

ஊகம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சோர்ந்த மனம் வரப்போகும் இன்பத்தைக் குறைத்து மதிப்பிடும். கிடைக்கும்போது ஓரளவு ரசிக்கவே செய்யும், ஆனால் முன்கூட்டிக் கற்பனை செய்ய முடியாது. அதனால்தான் "போய்ட்டு வா, நல்லா இருக்கும்" என்ற பேச்சு உள்ளே இறங்குவதில்லை. தாளில் இப்படி இருக்கும்: செவ்வாய் மாலை, தெருமுனை வரை 10 நிமிட நடை, ஊகம் 1, பிடித்தது 3, சாதனை 4. புதன் மாலை, நண்பனுக்குத் திரும்ப அழைத்தது, ஊகம் 0, பிடித்தது 4, சாதனை 2. வியாழன் இரவு, படுத்தபடி 2 மணி நேரம் வீடியோ, ஊகம் 6, பிடித்தது 3, சாதனை 0. இப்படிப் பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்ததும் ஆலோசகர் எதுவும் சொல்லத் தேவையில்லை. தாளைத் திருப்பி வைத்து, "இதுல உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டால் போதும். தன் ஊகம் எந்தப் பக்கம் தவறுகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். அறிவியல் வகுப்பில் செய்முறைக் குறிப்பேடு எழுதுவதும் இதே திறமைதான்: முதலில் கணிப்பு, பிறகு கவனிப்பு, கடைசியில் ஒப்பீடு. ஆசிரியர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் உடைகின்றன. "தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போடுறேன்" என்று பிள்ளை சொல்லும், எல்லோரும் மகிழ்வார்கள், மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். மோசமான நாளிலும் செய்துவிடக்கூடிய அளவே சரியான அளவு. "கணக்கு படிக்கணும்" என்பதை இப்படிப் பிரிக்கலாம்: மாலை 5.30-க்கு, சாப்பாட்டு மேஜையில், நோட்டைத் திறந்து, அன்றைய பயிற்சியின் முதல் கேள்வியை எழுது. விடை வேண்டாம். டைமர் 5 நிமிடம். மணி அடித்ததும் நிறுத்தலாம். நேரமும் இடமும் முதல் அசைவும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "இந்த நேரம் வந்தால் இதைச் செய்வேன்" என்று கட்டிவைத்த எண்ணம் வெறும் ஆசையைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

ஏற்றும் விதியை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை முடித்தால் ஒரு படி ஏற்று: 5 நிமிடம் 8 ஆகட்டும், அல்லது கேள்வியோடு முதல் வரி விடையும் சேரட்டும். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் பாதியாகக் குறை. குறைப்பது தண்டனை இல்லை என்பது திட்டம் தொடங்கும்போதே பேசி முடிவானதாக இருக்க வேண்டும். தவறிய பிறகு சொன்னால் ஆறுதல் வார்த்தையாக மட்டுமே காதில் விழும். 5 நிமிடத்தில் நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டு, நன்றாகப் போகிறதே என்று பக்கத்தில் நின்று "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று இழுக்கும் பெற்றோர் அந்த ஒப்பந்தத்தையே கெடுத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் நோட்டு திறக்காது.

"மனசு வந்ததும் ஆரம்பிக்கிறேன்" என்று பிள்ளை சொல்லும்போது வாதாட வேண்டாம். மனசு பின்னால் வரும் என்பதைத் தாளே காட்டும். மூன்றாம் வாரத்தில் அப்படி ஒரு வரியாவது கட்டாயம் கிடைக்கும்.

பள்ளி வேலைக்கு வருவோம். மனச்சோர்வு கவனத்தையும், ஒரே நேரத்தில் பல தகவல்களை மனதில் பிடித்து வைக்கும் திறனையும், வேகத்தையும் குறைக்கிறது. ஆகவே வாய்மொழியாக ஐந்து கட்டளைகளை அடுக்கினால் இரண்டாவதிலேயே கழன்றுவிடும். ஒரு தாளில் ஒரு படி, முடிந்ததும் அடுத்தது. தேர்வில் கூடுதல் நேரம், முன் வரிசையில் இடம், திடீரென எழுப்பிக் கேள்வி கேட்காதிருத்தல் எல்லாம் சுலபமான ஏற்பாடுகள். கடினமானது நிலுவை. பதினான்கு வேலைகள் சேர்ந்துகிடந்தால் பிள்ளை ஒன்றைக்கூடத் தொடாது. அந்தப் பதினான்கை நினைத்தாலே உடம்பு கனக்கும். பாட ஆசிரியர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதைச் செய்யாவிட்டால் அடுத்த பாடம் புரியாது என்பது எது? வழக்கமாக மூன்றோ நான்கோ தேறும். மீதியைத் தள்ளுபடி செய்து, அந்தத் தள்ளுபடியை எழுத்தில் கொடுக்க வேண்டும். "பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்" என்று வாயால் சொன்னது எதுவும் பிள்ளையின் தலையிலிருந்து இறங்காது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. "பாவம், கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும்" என்று விட்டால், முதல் நாள் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியே ஆபத்து, ஏனென்றால் தவிர்ப்பதற்கு உடனடிப் பரிசு கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் போனால் பள்ளி வாசல் மலையாகிவிடும். திரும்பி வருவதைப் படிப்படியாக வைக்க வேண்டும்: முதலில் ஒரு பிடித்த பாடவேளை மட்டும், பிறகு காலைப் பொழுது, பிறகு முழு நாள். ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு நாள் தங்கிப் பார்ப்பது நல்லது. எந்தப் பாடவேளையில் தொடங்குவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: தானே முடிவெடுக்கும் உணர்வு, திறமை உணர்வு, பிறரோடு ஒட்டுறவு. முதல் நாளில் கொடுக்கக்கூடியது முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டும் வந்து சேர நாளாகும்.

தோல்வியை எப்படிக் கையாள்வது என்பதில் 1975-ல் உளவியலாளர் கேரல் டுவெக் செய்த ஒரு சிறிய ஆய்வை நான் அடிக்கடி சுட்டுவேன். தோற்றால் உடனே உடைந்துபோகும் 12 குழந்தைகள். ஒரு பாதிக்கு வெற்றி மட்டுமே கிடைக்கும் கணக்குகள். மறுபாதிக்கு இடையிடையே தோல்வியும், "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்க வேண்டும்" என்ற விளக்கமும். பிறகு எல்லோருக்கும் தோல்வி கொடுத்துப் பார்த்தபோது, வெற்றியை மட்டும் சுவைத்தவர்கள் முன்போலவே உடைந்தார்கள். தோல்வியைப் பொருள்கொள்ளப் பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள். ஆகவே எளிதான வேலையாகக் கொடுத்துக்கொண்டே போவது தன்னம்பிக்கையை வளர்க்காது. மூன்றாம் நான்காம் வாரத்திலிருந்து ஐந்து கேள்விக்கு ஒன்று கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது.

ஆனால் "முயற்சி போதவில்லை" என்பதை அப்படியே எடுத்து மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையிடம் சொன்னால் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். எழுந்து பல் துலக்கவே முழு பலமும் போன நாள் அது. முயற்சிக்குப் பதில் வழிமுறையைப் பேசுவது நல்லது. உரையாடல் இப்படிப் போகலாம்:

"எனக்கு இது வராது மேம். நான் எதுக்கும் லாயக்கில்லை."

"சரி, நோட்டைக் காட்டு. எந்த வரி வரைக்கும் சரியாப் போச்சு?"

"மூணாவது வரி."

"நாலாவதுல என்ன செய்ய நினைச்சே?"

"எக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோகணும். குறி மாத்தலை."

"அப்போ வராதது குறி மாத்துறது மட்டும். அதுக்கு இன்னிக்கு ரெண்டு கணக்கு போதும்."

"நீ லாயக்குதான்" என்று ஆசிரியர் ஓரிடத்திலும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுத்திருந்தால் பிள்ளை ஆதாரம் தேடத் தொடங்கும். சோர்ந்த மனத்திடம் அதற்கான ஆதாரக் கிடங்கே உண்டு. முழு ஆளைப் பற்றிய தீர்ப்பை நான்காவது வரிக்குச் சுருக்கியதுதான் அங்கே நடந்த சிகிச்சை. எண்ணங்களைச் சோதிக்கும் தெரபியில் ஆலோசகர் செய்வதும் இதுவே. கணக்கு நோட்டின் மேல் நடக்கும்போது ஆதாரம் கண் முன்னால் இருக்கிறது என்பது கூடுதல் லாபம்.

தூக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அந்த வயதில் உடலின் கடிகாரம் தானாகவே பின்தள்ளிப் போகிறது; இரவு 11-க்கு முன் தூக்கம் வராதது முழுக்கக் கைபேசியின் குற்றம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-லேயே பரிந்துரைத்தது இதனால்தான். நடைமுறையில், படுக்கும் நேரத்தோடு சண்டை போடாமல் எழும் நேரத்தை நிலைநிறுத்த வேண்டும். இப்போது 11-க்கு எழுகிறவரை ஒரே நாளில் 6-க்கு எழுப்பினால் இரண்டு நாள்தான் ஓடும். மூன்று நாளுக்கு ஒரு முறை 20 நிமிடம் முன்தள்ளி, எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்க வைத்தால் நகரும். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தளர்த்த வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் மொத்தமாகவே நடத்திவிடலாமே என்று பள்ளி நிர்வாகங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பதில் அவ்வளவு இனிமையாக இல்லை. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் மனக்குவிப்புப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னஸ்) வகுப்புப் பாடமாக நடத்திச் சோதித்தார்கள். 2022-ல் வந்த முடிவு: வழக்கமான பாடத்தைவிட மனச்சோர்வு குறையவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. ஏற்கெனவே சிரமத்தில் இருந்த சிலருக்குச் சற்றே மோசமாகப் போயிருக்கலாம் என்றும் அறிகுறிகள் இருந்தன. திறமை வளரக்கூடியது என்ற மனப்பான்மையைக் கற்பிக்கும் குறுகிய இணையப் பாடத்தை அமெரிக்கா முழுக்கச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். குறைந்த மதிப்பெண் பெறும் மாணவர்களின் சராசரி 4 புள்ளி அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது. உண்மையான பலன்தான், ஆனால் சிறியது. மனச்சோர்வுக்கு மருந்து என்று அதை விற்கக் கூடாது. முப்பது பேர் வகுப்பில் "உங்கள் துயரத்தைக் கவனியுங்கள்" என்றால் துயரமில்லாதவருக்குச் சலிப்பு, இருப்பவருக்கு அதையே அசைபோட இன்னொரு வாய்ப்பு. வடிகட்டிப் பார்த்து, தேவையுள்ள எட்டுப் பத்துப் பேருக்குச் செயல் பயிற்சி கொடுப்பதே என் தேர்வு. எல்லோருக்கும் பொதுவாகச் செய்ய வேண்டியது கேலியை நிறுத்துவதும், பாடச் சுமையை ஒழுங்குபடுத்துவதும்தான். அதற்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டாம்.

யார் எதைச் செய்வது என்பதில் குழப்பம் கூடாது. ஆசிரியர் தெரபிஸ்ட் ஆகக் கூடாது. பிள்ளையின் குடும்ப ரகசியங்கள் அவருக்குத் தேவையும் இல்லை. அவருக்கு வேண்டியது அந்த வாரத்தின் படி என்ன, எதில் தளர்வு, எதில் தளர்வு இல்லை என்பது மட்டும். ஆலோசகருக்கு வேண்டியது எந்தப் பாடவேளையில் என்ன நடந்தது என்ற நடத்தைக் குறிப்பு: "மூன்று நாள் வந்தான், கணக்கில் முதல் 10 நிமிடம் எழுதினான், குழு வேலையில் எழுந்து போய்விட்டான்." வாரத்துக்கு 15 நிமிடச் சந்திப்பு போதும், ஆனால் தவறவே கூடாது. பள்ளியில் ஒரே ஒரு பெரியவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். நான்கு பேர் அக்கறையோடு மாறி மாறி "இப்போ எப்படி இருக்கே?" என்று கேட்டால், பிள்ளை ஒளிந்துகொள்ளும். என்னென்ன தகவல் பகிரப்படும் என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லி, ஒப்புதல் வாங்க வேண்டும்.

பெற்றோருக்குக் கொடுக்கும் வேலையும் சிறியதாக இருக்கட்டும். "ஏன் செய்யலை?" என்ற கேள்வியை நிறுத்துவது முதல் வாரத்துக்கு. செய்த ஒன்றைப் பார்த்து, பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இரண்டாம் வாரத்துக்கு: "ஆறரைக்கே எழுந்துட்டே போல." அதோடு நிறுத்த வேண்டும். "இப்படியே தினமும் எழுந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்ற வால் ஒட்டினால் பாராட்டு புகாராகிவிடும்.

மருந்து பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் இரண்டு தகவல்களாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் 2004 முடிவு: 12 வாரத்தில் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும், எண்ணத்தையும் செயலையும் பயிற்றும் எண்ண-நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள், மருந்து மட்டும் பெற்றவர்களில் 61, சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, வெற்று மாத்திரையில் 35. நடுத்தரத்திலிருந்து கடுமை வரை மனச்சோர்வு இருந்தவர்கள் அவர்கள். அந்த அளவுக்குப் போனபின் "பேசியே சரிசெய்துவிடலாம்" என்று மருந்தைத் தள்ளிப்போடுவது அறிவுடைமை இல்லை. இன்னொன்று: இந்த வகை மருந்துகள் இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் கருப்புக் கட்ட எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் இடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) சேர்த்தது, 2007-ல் அது 24 வயது வரை நீண்டது. தொடங்கிய முதல் சில வாரங்களும், அளவு மாற்றிய வாரங்களும் கூர்ந்து கவனிக்க வேண்டியவை. அந்த நாட்கள் எப்போது என்பது பள்ளிப் பொறுப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மருந்து வேலை செய்து சோகம் போனபின், "அழுகை வரலை, சிரிப்பும் வரலை" என்ற ஒரு மரத்த நிலை சிலருக்கு வரும். அதை சோம்பல் என்று நினைத்துத் திட்டவும் கூடாது, மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் அதே சொற்களில் சொல்ல வேண்டும்; அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார்.

தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. கேட்டால் பலருக்கு ஆறுதலே கிடைக்கிறது. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று அதே சொல்லில் கேளுங்கள். ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்ததுண்டா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டாம். "உன் உயிருக்கு ஆபத்துன்னா நான் சொல்லியே ஆகணும், யார்கிட்ட சொல்லலாம்னு சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்பதே நேர்மையான பதில். திட்டமும் வழியும் இருந்தால் அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு, ஆயுதம் எதுவானாலும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மேலே சொன்ன தாளும் படிகளும் அதற்குப் பிறகுதான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பி.எச்.க்யூ எடுங்கள். ஆரம்ப எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் சிகிச்சை பிடித்திருக்கிறது. 5-க்குக் கீழே போனால் நன்றாகவே தேறியாயிற்று. ஆறு வாரமாகியும் அசையவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் திட்டத்தை மாற்ற வேண்டும்: படிகள் பெரிதோ, வீட்டில் சொல்லப்படாத ஏதோ நடக்கிறதோ, கேலியோ, கண்டறியாத வாசிப்புக் குறைபாடோ, மருந்து தேவையோ. செயல் கூடியிருக்கிறது, எண் மட்டும் குறையவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம். செயல்தான் முதலில் நகரும், மனநிலை பின்னால் வரும்.

இளம் வயதில் வந்த மனச்சோர்வு திரும்பி வருவதற்கான வாய்ப்பு அதிகம். தேறிய பிறகு மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். தனக்கு முதலில் எது சரியும் என்பதைப் பிள்ளை தன் கையால் எழுதி வைத்திருக்கட்டும். ஒருவருக்கு அது குளிப்பதைத் தள்ளிப்போடுவது, இன்னொருவருக்கு நண்பர்களின் செய்திகளுக்குப் பதில் போடாதது. பலர் சறுக்குவது நீண்ட விடுமுறையில். தேர்வில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள்; விடுமுறையில் எழும் நேரமும் பாடவேளையும் பார்த்துப் பேசும் முகங்களும் ஒரே நாளில் காணாமல் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரமே, எழும் நேரம் ஒன்று, வெளியே போகும் வேலை ஒன்று, வேறு ஒருவரோடு சேர்ந்து செய்வது ஒன்று என்று மூன்றையாவது நாள், நேரம் போட்டுத் தாளில் நிரப்பி அனுப்ப வேண்டும். இரண்டாம் வாரத்தில் பொறுப்பாளர் ஒரு தடவை அழைத்து, அந்த மூன்றைப் பற்றி மட்டும் கேட்டால் போதும்.